கரு இருட்டு, சுத்திவரப் பச்சை

உங்கட பொறுப்பாளர் போன் எடுத்து, “மிஸ், லாப்புக்குப் புதுப் பிள்ளையள் ஆறு பேர் வந்திருக்காங்க, உங்கட அனுபவத்தில இருந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க” என்டு கேட்டார். ரெண்டு வார்த்தையோட வாய மூடுற ஆள் நான் இல்ல என்டு அவருக்கும் நல்லாத் தெரியும். முப்பத்தொரு வருஷம் மற்றாக்கள்ட ரத்தத்தச் சோதிச்சவள் நான். பென்ஷன் எடுத்து ரெண்டு வருஷமாகுது.

மெஷின் ஓட்டச் சொல்லித்தர நான் வரல்ல. அது என்னவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். எனக்கிட்ட ஒரு பயம் இருக்கு, வருஷக்கணக்காகியும் போகாத பயம். அதுல உங்களுக்கும் கொஞ்சம் பங்கு வெச்சிட்டுப் போகத்தான் பஸ் ஏறி வந்தன். சிரிக்காதீங்க, மெய்யாத்தான் சொல்றன். ஆஸ்பத்திரிட பேர் வேணாம். ஆக்கள்ட பேரையும் மாத்தித்தான் சொல்லுவன்.

அந்த வருஷம் கச்சான் காத்து சும்மா விளையாடல்ல. வாவிப் பக்கத்து யன்னலத் திறந்தா மேசையில இருக்கிற கடதாசித் துண்டெல்லாம் எழும்பிப் பறக்கும். மாமாங்கத் திருவிழா நாள்கள், அமிர்தகழிக்குப் போற சனத்தால பஸ்ஸில கால் வெக்க இடமில்ல. நான் தன்னாமுனையில இருந்து வாறவள், அண்டைக்கும் நசுங்கிப் பிதுங்கித்தான் வந்து சேர்ந்தன். வந்து பாத்தா மேசையில பதினொரு குழாய் வரிசையா நிக்குது. எல்லாம் ஏ.என்.ஏ. பாக்க வந்தது.

உங்களுக்குத் தெரிஞ்ச சோதினைதான், இருந்தாலும் என்ட வாயால ஒருக்காச் சொல்றன். சில பேர்ட உடம்பு தன்ட சொந்தக் கலங்களையே எதிரி என்டு நினைச்சு அடிக்கத் தொடங்கும். மூட்டு, தோல், தசை, நுரையீரல், எங்க வேணுமென்டாலும் அடிக்கும். அப்பிடி அடிக்கிற பிறபொருளெதிரி ரத்தத்தில இருக்கா என்டு இதுல பாக்கிறம். கண்ணாடித் துண்டில கலங்கள் ஒட்டியிருக்கும், அதுக்கு மேல நோயாளிட ரத்தத்தில இருந்து பிரிச்ச சீரத்த விட்டு, மின்னுற சாயம் போட்டு, இருட்டறைக்குள்ள இருந்து மைக்கிறஸ்கோப்பில பாக்கணும். கலத்துட நடுவில இருக்கிற கரு பச்சையா மின்னினா பொசிட்டிவ். மின்னாட்டி நெகட்டிவ். போர்மில இருந்ததும் அந்த ரெண்டு பெட்டிதான். ஏதாவது ஒண்டில சரி போடணும்.

ஏழாவது ஆள்ட துண்ட வெச்சன். கரு அடுப்புக்கரி மாதிரி இருட்டு. ஆனா அதச் சுத்தி இருக்கிற குழியவுரு முழுக்கப் பொடிப் பொடியாப் பச்சை. வடிவான பச்சை. நான் முன்னயும் இப்பிடி ரெண்டு மூண்டு கண்டிருக்கன். கண்ட நேரமெல்லாம் எனக்கு வேல சொல்லித்தந்த சேர்ட சொல்தான் நினைவுக்கு வரும். அவர்தான் அப்ப லாப்புக்குப் பொறுப்பு. “நம்மளக் கேட்டது கருவப் பத்தி. கரு இருட்டென்டா நெகட்டிவ். கேக்காத கேள்விக்கு மறுமொழி எழுதினா டொக்டர்மார் குழம்புவாங்க” என்பார். அவர் பொல்லாத மனுசன் இல்ல. ஒரு குழாய் மாறினாலும் அண்டைக்குச் சோறு இறங்காத மனுசன். அவருக்குச் சொல்லிக் குடுத்தவங்க அப்பிடிச் சொல்லியிருப்பாங்க. நான் நெகட்டிவ் பெட்டியில சரி போட்டு, கீழ கையெழுத்து வெச்சன்.

எனக்கொரு பழக்கம். விளங்காத ஒண்டக் கண்டா என்ட சொந்தக் கொப்பியில பென்சிலால ஒரு வரி கிறுக்கி வெப்பன். அண்டைக்கும் எழுதினன். “ஏழாம் இலக்கம். கரு இருட்டு, சுத்திவரப் பச்சை.” எழுதிட்டு மேசை லாச்சிய மூடிட்டன். அந்த வரிய ஒரு ஆளுக்காவது வாய் திறந்து சொன்னனா? இல்ல. பஸ் கிடைக்குமோ கிடைக்காதோ என்டுதான் யோசிச்சன்.

ஒரு கிழமைக்குப் பிறகு ரிப்போட் குடுக்கிற பொடியன் லீவு. அவன்ட இடத்தில நான் இருந்தன். ஏறாவூரில இருந்து ஒரு ராத்தா வந்தா, கூட மகள். ஜெமீலா ராத்தா என்டு வெச்சிக்குவம். என்ட வயசுதான் இருக்கும், கைத்தறி நெய்யிறவ. வரிசையில நிக்கக்குள்ளயே வறட்டு இருமல், சளி இல்லாத இருமல்.

“மிஸ், என்னயாம் போட்டிரிக்கி?”

“நெகட்டிவ் ராத்தா. பயப்பிட ஒண்டுமில்ல.”

கேட்டீங்களா? ரிப்போட்டக் குடுக்கிறதுதான் என்ட வேல. பயப்பிட ஒண்டுமில்ல என்டு சொல்ல எனக்கு ஆர் உரிமை தந்தது? வாய் சும்மா இருக்குமா?

“அல்ஹம்துலில்லாஹ்” என்டு நெஞ்சில கை வெச்சா. “இவள் வந்தாறுமூலையில கெம்பஸ் படிக்கிறாள் மிஸ். போனில என்னென்னமோ பாத்துட்டு, உம்மா உங்களுக்கு அதுவாயிரிக்கும், இதுவாயிரிக்கும் என்டு என்ன ஒரு வழி பண்ணிட்டாள்.”

“நான் பயங்காட்டல்ல உம்மா. மூட்டு நோவும் இருமலும் சேர்ந்து இரிந்தா பாக்கச் சொல்லித்தான் போட்டிரிந்திச்சு” என்டாள் மகள். ஒட்டல் மாதிரி மெலிஞ்ச பிள்ளை, கண்ணில மட்டும் நித்திரையில்லாத கலக்கம்.

பதிவுக் கொப்பியில கையெழுத்து வெக்கப் பேனையக் குடுத்தன். அப்பதான் கையக் கண்டன். பெருவிரல்ட ஓரமும் சுட்டுவிரல்ட ஓரமும் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு, ரெண்டு கையிலயும்.

“என்ன ராத்தா கை இப்பிடி?”

“தறிக் கை மிஸ். முப்பது வருஷம் நூலோட கிடந்த கை. இந்தக் கச்சானுக்கு இன்னும் வெடிக்கிது.”

“படுக்கக்குள்ள தேங்காயெண்ணெய் பூசுங்க. நல்லாப் பிடிச்சுத் தேயுங்க.”

“பூசுறன் மிஸ். அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும்.”

ரிப்போட்ட நாலா மடிச்சு கிளினிக் கொப்பிக்குள்ள வெச்சுக்கிட்டுப் போனா. நானும் ஒருத்திக்கு நல்ல சேதி சொன்ன சந்தோஷத்தில அடுத்த ஆளக் கூப்பிட்டன்.

பிறகு கச்சான் ஓஞ்சு ரெண்டு மாசமிருக்கும். பின்னேரம் வேல முடிஞ்சு செங்கலடி பஸ்ஸில ஏறினா, அவவே எனக்குப் பக்கத்தில வந்து நிக்கிறா. என்னக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“மிஸ்தானே? நெகட்டிவ் மிஸ்!”

“ஓம் ராத்தா. எப்பிடி, சுகமா?”

“சுகம்தான். இந்த… மூச்சு முட்டு மட்டும்தான்… விடுதில்ல.” நாலு சொல்லுக்கு ஒருக்கா நிப்பாட்டி மூச்செடுக்கிறா. “கிளினிக்கில வாயால இழுக்கிற பம்ப் தந்திரிக்காங்க. தறியில ஏறி ரெண்டு மாசம் மிஸ். மிதிக்க ஏலாது. நூல் தூசி போயிட்டா சரி வரும் என்டாங்க. பெரிசா ஒண்டுமிருந்தா உங்கட ரிப்போட்டில காட்டியிருக்கும்தானே?”

உங்கட ரிப்போட். அந்தச் சொல் காதுல விழுந்ததும் எனக்குள்ள என்னமோ ஒண்டு புரண்டது. ஏழாம் இலக்கம் அவடதா என்டுகூட அப்ப எனக்குத் தெரியாது, நான் பேர் பாக்கிறவள் இல்ல, இலக்கம்தான் பாக்கிறவள். தன்னாமுனை வந்தது, இறங்கினன். பஸ் ஏறாவூர்ப் பக்கம் போகுமட்டும் றோட்டோரம் நிண்டு பாத்தன். பிறகு வீட்ட போய் மீன் வெட்டினன்.

தெரியுமா பிள்ளையள், எல்லாம் அந்த பஸ்ஸுக்குள்ளயே இருந்தது. இருமல் இருந்தது. தறியில ஏறி ரெண்டு மாசம் என்டு அவ வாயாலயே சொன்னா. மேல கம்பியப் பிடிச்ச கை என்ட மூக்குக்கு நேர இருந்தது. அந்தக் கைய நான் ஏறெடுத்துப் பாக்கல்ல.

மாரி தொடங்கி வாவி முட்டி நிண்ட நாள். விடிஞ்சதில இருந்து அடை மழை. மெடிக்கல் வார்ட்டில இருந்து குழாய் வருது, அவசரம் என்டு சிவப்புக் கோடு போட்டு. பேரப் பாத்தன், ஜெமீலா. ஊர் ஏறாவூர். 

வார்ட்டுக்குப் போன் எடுத்தன். “அந்த அம்மாவா? ஐஞ்சு நாளாகுது மிஸ்” என்டா வார்ட் நர்ஸ் மிஸ்ஸி. “ரெண்டு பக்க நுரையீரலும் கீழ வெள்ளையாக் கிடக்கு. நியூமோனியா என்டு அன்டிபயோட்டிக் போகுது, ஒண்டுக்கும் கேக்குதில்ல. ஒட்சிசன் கூட்டிக்கூட்டி இப்ப கடைசி அளவில நிக்குது. பின்னேரம் ஐ.சி.யு.வுக்கு மாத்தக் கதைக்கிறாங்க.”

போன வெச்சிட்டு லாச்சிய இழுத்தன். இழுத்த இழுப்பில லாச்சியே கழண்டு மடியில விழுந்தது. பழைய பதிவில அவட பேருக்கு நேர இலக்கத்தப் பாத்தன். பிறகு என்ட கொப்பியத் திறந்தன். மாதாவே! பென்சில் எழுத்து அழியாம அப்பிடியே இருக்கு. ஏழாம் இலக்கம். கரு இருட்டு, சுத்திவரப் பச்சை.

இதுக்கிடையில நான் கொஞ்சம் வாசிச்சிருந்தன். பஸ்ஸில வந்த அந்தப் புரட்டல் சும்மா இருக்க விடல்லயே. தசையையும் நுரையீரலையும் சேர்த்து அடிக்கிற ஒரு வருத்தம் இருக்கு, அதுக்குரிய பிறபொருளெதிரி கருவுக்குள்ள ஒட்டாது, வெளியில குழியவுருவிலதான் ஒட்டும். கருவ மட்டும் பாக்கிறவன் அத நெகட்டிவ் என்டுதான் எழுதுவான். வாசிச்சன், பயந்தன், அந்தப் பக்கத்த மூடினன். ஆரோ ஒராளுக்கு வாற வருத்தம், நான் கண்டது அதுவா இருக்காது என்டு எனக்கு நானே சமாதானம் சொன்னன். பயத்தில இப்பிடியும் ஒரு வகை இருக்கு. கண்ண மூடச் சொல்ற பயம். அதுக்கு மட்டும் இடம் குடுத்துடாதீங்க.

சேர்ட அறைக்குப் போனன். மேசையில கொப்பிய விரிச்சு வெச்சுச் சொன்னன். அவர் வாசிச்சார். கண்ணாடியக் கழட்டினார். திரும்பப் போட்டார்.

“ரிப்போட் போய் எத்தின மாசம்?”

“நாலு சேர்.”

“முறைப்படி நாம குடுத்தது சரி.”

“முறைப்படி சரிதான் சேர். அந்த மனுசிக்கு மூச்சு நிக்கப் போகுது.”

“இப்ப இதக் கிளறினா என்ன வரும் என்டு தெரியுமா உங்களுக்கு? விசாரணை வரும். பேப்பர்ல வரும். இவ்வளவு காலமும் குடுத்த நெகட்டிவ் எல்லாத்தையும் திருப்பிப் பாக்கச் சொல்லுவாங்க.” அவர்ட குரல் உடைஞ்சிட்டுது. “அதெல்லாம் நான் சொல்லித்தந்து நீங்க போட்டது.”

அவருக்கும் பயம். எனக்கும் பயம்.  பிறகு நான்தான் சொன்னன், “மிச்ச சீரம் பிரீசருக்குள்ள இருக்கு சேர். திருப்பிப் போடுறன். நீங்க வந்து உங்கட கண்ணால பாருங்க.”

மிச்ச சீரத்த வருஷக் கடைசி மட்டும் வீசாம வெக்கிறது அவர் பழக்கின பழக்கம்தான், அதையும் சொல்லியாகணும். பெட்டியத் தேடி எடுத்தன், உருக்கினன், போட்டன். ரெண்டரை மணித்தியாலம். அந்த ரெண்டரை மணித்தியாலமும் வார்ட்டில இருந்து போன் வந்திடுமோ என்டு செத்துச் செத்துப் பிழைச்சன். இருட்டறைக்குள்ள ரெண்டு பேரும் போனம். முதல்ல நான் பாத்தன். அதே பச்சை. எழும்பி இடம் விட்டன். சேர் குனிஞ்சார். கனநேரம் நிமிரவே இல்ல.

“வாங்க, வார்ட்டுக்குப் போவம்” என்டார். நான் ஒராளாத்தான் போகணும் என்டு நினைச்சிருந்தன். அவர் குடையக்கூட எடுக்காம முன்னால நடந்தார்.

மெடிக்கல் வார்ட்டுக்குப் பொறுப்பான மெடம் கண்டிப்பான ஆள். நான் எல்லாத்தையும் ஒரே மூச்சில கொட்டினன். நாலு மாசத்துக்கு முன்ன கண்டது, எழுதாம விட்டது, இண்டைக்குத் திருப்பிப் பாத்தது, எல்லாம். அவ கத்துவா என்டு நினைச்சன். கத்தல்ல. கத்தியிருந்தா எனக்கு லேசாப் போயிருக்கும்.

“இத வெச்சு நான் என்ன செய்யணும் என்டு தெரியுமா?” என்டு மெதுவாக் கேட்டா. “நீங்க சொல்ற வருத்தமென்டா இண்டைக்கே பெரிய அளவில ஸ்டிரொயிட் போடணும். பொறுத்தா நுரையீரல் காஞ்சு இறுகிடும். ஆனா இது தொற்றா இருந்து நான் ஸ்டிரொயிட் போட்டனென்டா, என்ட கையாலயே கொல்றதாப் போயிடும். உங்களுக்கு எவ்வளவு நிச்சயம்?”

உடம்புக்குள்ள அழற்சி இருந்தா ஏறுற ஃபெரிட்டின் கூடித்தான் இருந்தது. அது தொற்றிலயும் கூடும், இதிலயும் கூடும். தசை உடைஞ்சா ஏறுற சி.கே.யும் பாத்தம், கொஞ்சம்தான் கூட, அத வெச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. நுரையீரல் காயத்தயே காட்டுற வேற மார்க்கர் வெளிநாட்டில பாக்கிறாங்க என்டு வாசிச்சிருக்கன், நம்மட அலுமாரிக்குள்ள அது இல்ல. அந்தப் பச்சைக்குரிய பிறபொருளெதிரி எது என்டு பேர் சொல்ற சோதினைக்குக் கொழும்புக்கு அனுப்பணும், மறுமொழி வர ஒரு கிழமைக்கு மேல. அவவுக்கு ஒரு நாள் இருக்கா என்டே தெரியாது.

 ஓம், நிச்சயம் என்டு சொல்லிடலாம் போல இருந்தது, செஞ்ச பிழைக்குப் பரிகாரம் மாதிரி. நல்லகாலம், அத நான் சொல்லல்ல. “குழியவுருவில பச்சை இருக்கிறது நிச்சயம் மெடம். ரெண்டு தரம் கண்டன், சேரும் கண்டார். அது எந்தப் பிறபொருளெதிரி என்டு எனக்குத் தெரியாது. தொற்று இல்ல என்டு சொல்லவும் என்னால ஏலாது” என்டன்.

மெடம் எழும்பி கட்டிலுக்குப் போனா. நாங்களும் பின்னால போனம். ஜெமீலா ராத்தா மூக்கும் வாயும் மூடின மாஸ்க்குக்குள்ள இருந்து என்னப் பாத்தா. நான்தான் என்டு மட்டுக் கட்டிட்டா. கண்ணால சிரிச்சா. ஐயோ, அந்தச் சிரிப்பு! மகள் கட்டில் ஓரத்தில நிக்கிறாள், உம்மாட காலப் பிடிச்சுக்கிட்டு.

மெடம் கையத் தூக்கிப் பாத்தா. “இது எவ்வளவு நாளா?”

“அது தறிக் கை டொக்டர்” என்டாள் மகள். “கச்சானுக்கு வெடிச்சது.”

எனக்கு அந்த இடத்தில பஸ் ஞாபகம் வந்தது. “மகள், உம்மா தறியில ஏறாம எத்தின மாசம்?”

“மூண்டு… இல்ல, நாலு மாசமாப் போச்சு மிஸ்.”

“கச்சான் முடிஞ்சு?”

அவள் யன்னலப் பாத்தாள். வெளியில மழை ஊத்துது. அந்தப் பிள்ளைக்கு முகம் மாறினது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிது. தறியும் இல்ல, காத்தும் இல்ல, நாலு மாசமா எண்ணெயும் பூசியிருக்கு, அப்ப எதுக்குக் கை இன்னும் வெடிக்கிது? மெடம் ரெண்டு கையையும் சேர்த்து வெச்சு, பெருவிரல் ஓரத்தயும் சுட்டுவிரல் ஓரத்தயும் தடவிப் பாத்தா. இந்த வருத்தத்தில கை இப்பிடித்தான் வெடிக்குமாம், வேலை செஞ்சு காச்சுப்போன கை மாதிரியே. நெய்யிற ஊருக்குள்ள அந்தக் கைய ஆர் சந்தேகப்படுவான்? கிளினிக்கில எத்தின பேர் பிடிச்சுப் பாத்த கை அது. எல்லாரும் தறி என்டுதான் நினைச்சிருக்கம்.

“அன்டிபயோட்டிக்க நிப்பாட்ட வேணாம். அதோட ஸ்டிரொயிட் தொடங்குவம், இப்பவே” என்டு மிஸ்ஸிட்டச் சொன்னா. பிறகு எங்கட பக்கம் திரும்பினா. “கொழும்புக்கு இண்டைக்கே அனுப்புங்க. எனக்கு எழுத்தில வேணும், நீங்க கண்டது அப்பிடியே.”

அடுத்த நாள் ஒட்சிசனக் குறைக்கவும் ஏலல்ல, மூச்சு இன்னும் மோசமாகவும் இல்ல. ரெண்டாம் நாள் காலையில வந்து பாக்கிறன், அவட ரத்தத்தில கிருமி வளருதா என்டு வெச்ச ரெண்டு போத்தலில ஒண்டு கலங்கி நிக்கிது. கலங்கினா கிருமி. ஸ்டிரொயிட் உள்ள போய்க்கிட்டு இருக்கு.  கொல்லப் போறம், நான் சொன்ன சொல்லால கொல்லப் போறம் என்டு அந்த இடத்திலயே கதிரையப் பிடிச்சுக்கிட்டு நிண்டன். அண்டைக்கு நான் நெகட்டிவ் என்டு போட்டது ஒரு கொலை, இண்டைக்கு வாய் திறந்தது ரெண்டாவது கொலை என்டு புத்தி போகுது. பயந்துக்கிட்டே போனத் தூக்கினன். “ரெண்டில ஒண்டு கலங்கியிருக்கு மெடம். தோலில கிடக்கிற கிருமி மாதிரித் தெரியுது, நாளைக்கு முன்ன நிச்சயமாச் சொல்ல மாட்டன்.”  “சரி. நாளைக்குக் காலையில முதல் கோல் எனக்கு” என்டு வெச்சிட்டா.

தோல் கிருமிதான், ரத்தத்தில இருந்ததில்ல. ரத்தம் எடுக்க ஊசி குத்தக்குள்ள தோலில இருந்து போத்தலுக்குள்ள போனது. அதச் சொல்ல எடுத்த அதே கோலில மெடம் சொன்னா, ராத்தாட ஒட்சிசன் ஒரு படி குறைச்சாச்சு என்டு. நான் இருட்டறைக்குள்ள போய்க் கதவச் சாத்திட்டு அழுதன்.

ஒன்பதாம் நாள் கொழும்பில இருந்து மறுமொழி வந்தது, அந்தப் பிறபொருளெதிரிக்குப் பேரோட. மெடத்துட மேசையில வெச்சன். அவ பாத்திட்டுத் தலைய ஆட்டினா, நாங்க நினைச்ச அதே வருத்தம்தான். சேர் அந்தக் கிழமையே போர்ம மாத்த எழுதினார். பழைய நெகட்டிவ்களையும் நானும் அவரும் ஒண்டொண்டாத் திருப்பிப் பாத்தம். அதுல என்ன கண்டம் என்டு இண்டைக்குச் சொல்லல்ல, அதுக்கு வேற ஒரு நாள் மனத்தெம்போட வரணும்.

கதை இதோட முடிஞ்சுது என்டு எழும்பாதீங்க.

ராத்தா உயிரோட வீட்ட போனா. ஆனா நாலு மாசம் அடி வாங்கின நுரையீரல் திரும்பி வரல்ல. கீழ் ரெண்டு பக்கமும் இறுகிப் போச்சு. வீட்டில ஒட்சிசன் மெஷின், மூக்கில குழாய். கட்டிலில இருந்து கிணத்தடிக்குப் போக ரெண்டு தரம் இருக்கணும். தறிய வித்திட்டாங்க. மாசம் ஒருக்கா ரத்தம் குடுக்க வருவா, குழாயில அவட பேரக் கண்டா வேற ஆளுக்கு விடாம நானே எடுத்துப் பாப்பன்.

ஒரு நாள் ரத்தம் எடுத்த பிறகு கதிரையில இருந்து மூச்சு வாங்கினா. மகள் மருந்து எடுக்கப் போயிருந்தாள். கிளினிக் கொப்பியத் திறந்து, மடிச்ச ஒரு தாள வெளிய எடுத்து எனக்குக் காட்டினா.

“மிஸ், இதப் பாருங்க… இத நான் வீசல்ல. அந்த நேரம் எனக்கு… ஒண்டும் இரிக்கல்லதானே? இதுக்குப் பிறகுதானே… இந்த வருத்தம் வந்திச்சு?”

ஓம் என்டு சொன்னா முடிஞ்சுது. ஆருக்கும் தெரியாது. மெடம் சொல்லல்ல, சேர் சொல்லல்ல. அவவுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. என்ட வாய்க்குள்ள அந்த ஓம் வந்து நிண்டது, பிள்ளையள். பொய் சொல்றதுக்கு இவ்வளவு வடிவா ஒரு வழி எனக்கு முந்தி கிடைச்சதே இல்ல.

“இல்ல ராத்தா” என்டன். “அண்டைக்கே இருந்தது. நான் கண்டன். எழுதல்ல.”

அவ என்னப் பாத்துக்கிட்டே இருந்தா. 

“அண்டைக்கே சொல்லியிரிந்தா… நான் இப்ப… நெய்துக்கிட்டு இரிப்பனா மிஸ்?”

“தெரியாது ராத்தா.”

வேற என்ன சொல்ல? மெய்யாவே தெரியாது. நெய்துக்கிட்டு இருந்திருக்கலாம். அவ மன்னிச்சன் என்டும் சொல்லல்ல, சபிக்கவும் இல்ல. மகள் வாறதக் கண்டதும் அந்தத் தாள என்ட கையில வெச்சு, விரல மடக்கி மூடிவிட்டா.

“இது உங்கட. நீங்களே வெச்சிக்கங்க. இவளுக்குச் சொல்லாதீங்க… இவள் அப்பவே சொன்னாள், நான்தான் சிரிச்சன்.”

போன வருஷம் மாரிக்குள்ள அவ மூச்சு அடங்கி மவுத்தாயிட்டா. நான் ஏறாவூருக்குப் போனன், தெருவோரம் நிண்டுட்டு வந்தன். மகளோட முகம் பாத்துக் கதைக்க எனக்குத் தைரியம் வரல்ல.

உங்கட போர்மில இப்ப மூண்டாவது ஒரு இடம் இருக்கு, வேறு கண்டவை என்டு. கன பேர் அதுல ஒரு கோடு கிழிச்சுட்டு விடுறீங்களாம், உங்கட பொறுப்பாளர் சொன்னார். அதனாலதான் இந்தத் தாளக் கொண்டுவந்தன். இந்தாங்க, ஒவ்வொருத்தரா வாங்கிப் பாருங்க. நெகட்டிவ் பெட்டியில சரி, கீழ என்ட கையெழுத்து. அந்த ஓரத்தில மங்கலா ஒரு கறை தெரியுதா? பெருவிரல் பட்ட இடம். அது தேங்காயெண்ணெய். நான் பூசச் சொன்னன், அவ பூசியிருக்கா.